செஸ் எஞ்சின்களை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுவது எப்படி?

செஸ் பழகத் தொடங்கியவர்கள் எஞ்சினை, அதாவது நிலையை அலசி நல்ல நகர்வைச் சொல்லும் நிரலை, திறந்ததும் பார்ப்பது ஓரத்தில் தெரியும் எண்ணைத்தான். +0.8 என்றால் வெள்ளை நன்றாக இருக்கிறது, −3 என்றால் கருப்பு ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான் என்று மூடிவிடுகிறார்கள். சாதாரண நிலைகளுக்கு அது போதும். ஆனால் சரியான நகர்வே பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் நிலைகள் சில உண்டு. அங்கே பத்து விநாடியில் வரும் எண் ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து வரும் எண் வேறு. ஒரு எஞ்சின் கண்ணில் பட்டது இன்னொன்றின் கண்ணில் படாமலே போகும்.

இந்த வேறுபாட்டை ஒழுங்காகப் பார்க்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கணினி அறிவு அதிகம் தேவையில்லை. ஒரு கோப்பை இறக்கி நிறுவத் தெரிந்தால் போதும்.

முதலில் நிலை

சோதனைக்கு எடுத்துக்கொள்வது 1998 லினாரஸ் போட்டியில் வந்த ஒரு நிலை. வெள்ளை வெசலின் டோபலோவ், கருப்பு அலெக்ஸி ஷிரோவ். (அந்த ஆண்டு அந்தப் போட்டியில் முதலிடம் பிடித்தவர் நம் ஆனந்த்.) லிச்செஸ் தளத்தின் பலகை அமைப்பியிலோ, வேறு எந்த செஸ் மென்பொருளிலோ காய்களை இப்படி வையுங்கள்.

வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4.
கருப்பு: ராஜா ஈ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6.
கருப்பின் முறை. ஆட்டத்தில் இது 47-ஆவது நகர்வு.

எஞ்சினை இன்னும் ஓடவிடாதீர்கள். ஐந்து நிமிடம் நீங்களே பாருங்கள். கருப்புக்கு இரண்டு சிப்பாய் கூடுதல். ஆனால் பிஷப்கள் எதிரெதிர் நிறத்தில் ஓடுகின்றன. இந்த மாதிரி இறுதியாட்டங்களில் இரண்டு சிப்பாய் கூட இருந்தும் டிரா ஆவது சகஜம். வெள்ளை ராஜா ஈ3 பக்கம் வந்து, பிஷப்போடு சேர்ந்து கருங்கட்டங்களை அடைத்துக்கொண்டால் டி சிப்பாய் நகராது. ஆகவே இது ஓட்டப்பந்தயம்: வெள்ளை ராஜா வந்து சேர்வதற்குள் கருப்பு ராஜா ஈ4-க்குப் போயாக வேண்டும்.

அதில்தான் சிக்கல். ராஜா போக வேண்டிய வழியில் எஃப்5-இல் சொந்த பிஷப்பே நிற்கிறது. அதை ஈ4-க்கு நகர்த்தினால் ஜி2 மிரட்டப்படும், உண்மைதான். ஆனால் வெள்ளை சிப்பாயை ஜி3-க்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக ராஜாவைக் கொண்டுவரும். தவிர, நமக்கு வேண்டிய ஈ4 கட்டத்தையே பிஷப் அடைத்துக்கொள்கிறது.

ஷிரோவ் ஆடியது பிஷப் எச்3. சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில், பாதுகாப்பே இல்லாமல் பிஷப்பைக் கொண்டுபோய் வைத்தார். ஜி2-ஐ மிரட்டியபடியே எஃப்5, ஈ4 இரண்டையும் ராஜாவுக்குத் திறந்துவிடும் கட்டம் எச்3 ஒன்றுதான். செஸ் வரலாற்றின் மிகச் சிறந்த நகர்வுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இல்லாமல் இருப்பது அரிது. அன்றைய எஞ்சின்களால் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே எஞ்சின்களைச் சோதிப்பவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நிலைகளில் ஒன்றாக இது ஆகிவிட்டது.

ஆட்டம் தொடர்ந்த விதம்: 48-இல் ஜி சிப்பாய் எச்3-இல் பிஷப்பை வெட்டியது, கருப்பு ராஜா எஃப்5. 49-இல் வெள்ளை ராஜா எஃப்2, கருப்பு ராஜா ஈ4. 50-இல் வெள்ளை பிஷப் எஃப்6 சிப்பாயை வெட்டியது, கருப்பு டி4. 51-இல் பிஷப் ஈ7, ராஜா டி3. 52-இல் பிஷப் சி5, ராஜா சி4. 53-இல் பிஷப் ஈ7, ராஜா பி3. டோபலோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இந்த வரிசையைப் பலகையில் ஒருமுறை ஆடிப் பார்த்துவிடுங்கள். பின்னால் தேவைப்படும்.

எந்தெந்த எஞ்சின்?

மூன்று போதும். ஆனால் மூன்றும் வேறு வேறு விதமாக யோசிப்பவையாக இருக்க வேண்டும். இன்றைய முன்னணி எஞ்சின்கள் பலவும் ஏறக்குறைய ஒரே பாணி. அவற்றில் ஐந்தை வரிசையாக நிறுத்தினால் ஒரே ஆளிடம் ஐந்து முறை கேட்டதுபோல்தான் இருக்கும்.

என் பரிந்துரை: புதிய ஸ்டாக்ஃபிஷ், பழைய ஸ்டாக்ஃபிஷ் 11, லீலா செஸ் ஜீரோ. மூன்றும் இலவசம், திறந்த மூலநிரல்.

ஸ்டாக்ஃபிஷ் 11 வெளிவந்தது 2020 ஜனவரியில். மனிதர்கள் எழுதிக் கொடுத்த விதிகளை வைத்து நிலையை மதிப்பிட்ட கடைசிப் பதிப்பு அது. காய்களின் மதிப்பு, சிப்பாய் அமைப்பு, ராஜாவின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கூட்டிப் போடும். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 12-ஆம் பதிப்பில் சிறிய நரம்பு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொண்டு மதிப்பிடும் நிரல்) ஒன்று உள்ளே வந்தது. 'என்என்யுஇ' என்பார்கள். ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018-இல் உருவாக்கிய முறை அது. தேடும் முறை பெருமளவு அப்படியே இருக்க, மதிப்பிடும் கண் மட்டும் மாறியது. இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கண்ணின் வேலை எவ்வளவு என்பது புரியும்.

லீலா வேறு வம்சம். 2017 டிசம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் காட்டிய ஆல்பாஜீரோ என்ற நிரலின் வழியில், 2018-இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. தனக்குத் தானே ஆடிக் கற்ற பெரிய வலையமைப்பு. ஆல்பாஜீரோ விநாடிக்குச் சுமார் 80,000 நிலைகளைப் பார்த்தபோது அதனுடன் மோதிய ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி நிலைகளைப் பார்த்தது என்று டீப்மைண்டின் ஆய்வறிக்கை சொன்னது. லீலாவும் அதே ரகம்தான்: கொஞ்சமாகப் பார்க்கும், பார்ப்பதை ஆழ்ந்து பார்க்கும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் மிக மெதுவாக ஓடும். உங்களிடம் கார்டு இல்லையென்றால் லீலாவை ஓடவிடலாம், ஆனால் அதன் தோல்வியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

நிறுவுதல்

விண்டோஸில் அரீனா, மற்றவற்றில் க்யூட் செஸ் அல்லது என் குரோசான்ட், ஆண்ட்ராய்டு போனில் ட்ராய்ட்ஃபிஷ். இவை பலகையைக் காட்டும் மென்பொருள்கள். எஞ்சினுக்கென்று தனி முகம் கிடையாது. இவற்றுக்குள்தான் அதைச் சேர்க்க வேண்டும். எல்லாம் 'யுசிஐ' என்ற ஒரே பேச்சுமொழியைப் பயன்படுத்துவதால் எதை எதனோடும் சேர்க்கலாம்.

ஸ்டாக்ஃபிஷை இறக்கும்போது ஒரே பதிப்புக்கே பல கோப்புகள் இருக்கும். 'ஏவிஎக்ஸ்2' என்று பெயரில் வருவது கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய பெரும்பாலான கணினிகளில் ஓடும். லீலாவுக்கு எஞ்சின் தனி, வலையமைப்புக் கோப்பு தனி. இரண்டையும் ஒரே கோப்புறையில் போட வேண்டும். லீலாவுக்கு மட்டும் நிப்ளர் என்ற மென்பொருளைப் பயன்படுத்திப் பாருங்கள். அது எந்த நகர்வின் மீது எவ்வளவு கவனம் செலவழித்தது என்பதைப் பலகையிலேயே காட்டும். அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

எதையும் நிறுவ விருப்பமில்லையா? லிச்செஸ் தளத்தின் ஆய்வுப் பலகையில் உலாவிக்குள்ளேயே ஸ்டாக்ஃபிஷ் ஓடும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. புகழ்பெற்ற நிலைகளுக்கு யாரோ ஏற்கெனவே நீண்ட நேரம் ஓட்டிச் சேமித்து வைத்த விடையை அது உடனே எடுத்துக் காட்டிவிடும். பக்கத்தில் 'கிளவுட்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஒரே விநாடியில் கண்டுபிடித்துவிட்டதே" என்று வியக்க வேண்டாம். அது உங்கள் கணினி செய்த வேலை இல்லை.

அமைப்புகளைச் சமன் செய்தல்

இங்கே அவசரப்பட்டால் பிறகு வரும் எண்கள் எதற்கும் பொருள் இருக்காது.

த்ரெட் (எஞ்சின் ஒரே நேரத்தில் இணையாக ஓட்டும் கணக்கு) எண்ணிக்கையை முதலில் 1 என்று வையுங்கள். பல த்ரெட்கள் ஓடும்போது ஸ்டாக்ஃபிஷ் ஒரே நிலைக்கு ஒவ்வொரு முறையும் சற்றே வேறு பாதையில் போகும். ஒருமுறை 20 விநாடியில் கண்டுபிடித்தது அடுத்த முறை 2 நிமிடம் எடுக்கலாம். 1 த்ரெட் மெதுவாக இருந்தாலும், திரும்ப ஓட்டினால் கிட்டத்தட்ட அதே கதை நடக்கும். பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொன்றையும் சில முறை ஓட்டுங்கள்.

ஹாஷ் நினைவகம், அதாவது எஞ்சின் ஏற்கெனவே பார்த்த நிலைகளைக் குறித்து வைக்கும் இடம், எல்லா ஸ்டாக்ஃபிஷுக்கும் ஒரே அளவு. 1 ஜிபி தாராளம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அதைக் காலி செய்யுங்கள், அல்லது எஞ்சினை மூடித் திறந்துவிடுங்கள். முந்தைய ஓட்டத்தில் கற்றது உள்ளே இருந்தால் அது காப்பி அடித்த விடை.

காட்டும் வரிகளின் எண்ணிக்கை, அதாவது மல்டிபிவி, 1. இதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

ஒரு நேரத்தில் ஒரு எஞ்சின்தான். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பிராசஸரைப் பங்கு போட்டுக்கொள்ளும். மடிக்கணினி என்றால் சூடாகி வேகம் குறையும். இரண்டாவதாக ஓடிய எஞ்சின் மெதுவாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஓடவிட்டுக் குறித்தல்

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரே நேரம் கொடுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்: முதல் 10 விநாடியில் எந்த நகர்வை விரும்பியது, பிஷப் எச்3 முதல் இடத்துக்கு வந்தது எத்தனையாவது விநாடியில், வந்த பிறகு நிலைத்ததா அல்லது மறுபடி கீழே போனதா, கடைசியில் எண் என்ன. நிலைத்ததா என்பதுதான் இவற்றில் முக்கியம். ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தால் அதைக் கண்டுபிடிப்பு என்று எண்ண முடியாது.

ஆழம் (எத்தனை நகர்வு முன்னே பார்த்தது) என்று காட்டும் எண்ணை எழுதாதீர்கள். எழுதினாலும் ஒப்பிடாதீர்கள். ஸ்டாக்ஃபிஷ் 30 என்று சொல்வதும் லீலா 12 என்று சொல்வதும் ஒரே அளவுகோல் கிடையாது. ஸ்டாக்ஃபிஷ் 11-இன் 30-உம் புதியதன் 30-உம்கூட ஒன்றல்ல. பயனில்லை என்று தோன்றும் நகர்வுகளைத் தேடலிலிருந்து வெட்டித் தள்ளும் விதம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது.

எண்ணுக்கும் இதே எச்சரிக்கை. 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து ஸ்டாக்ஃபிஷின் +1.00 என்பது ஒரு சிப்பாய் மதிப்பைக் குறிப்பதில்லை. தனக்கு நிகரான எஞ்சினோடு ஆடினால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்ற அர்த்தத்தில் அளவை மாற்றிவிட்டார்கள். லீலா தன் வெற்றி வாய்ப்புக் கணக்கைச் சிப்பாய்க் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. எனவே ஒன்றின் −2-ஐயும் மற்றதன் −2-ஐயும் நேருக்கு நேர் வைக்க முடியாது. இரண்டிலும் வெற்றி-டிரா-தோல்வி விகிதத்தைக் காட்டும் அமைப்பு உண்டு. ஒப்பிட வேண்டுமென்றால் அதை இயக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், குறியையும் பாருங்கள். சில மென்பொருள்கள் எப்போதும் வெள்ளையின் பக்கம் நின்று எண் சொல்லும், சில யார் முறையோ அவர் பக்கம் நின்று சொல்லும். நம் நிலையில் கருப்பின் முறை என்பதால் ஒன்றில் − என்றிருப்பது இன்னொன்றில் + என்று வரலாம்.

ஏன் தடுமாறுகின்றன?

இந்த நிலையில் கருப்பு எதை ஆடினாலும் இரண்டு சிப்பாய் கூடுதல் இருப்பதால், எஞ்சின் பெரும்பாலும் கருப்புக்குச் சாதகமாகவே எண் காட்டும். அதனால் வேறு வழி தேட வேண்டிய அவசரமே அதற்கு இல்லை. மனிதன்தான் "இது டிரா ஆகிவிடுமே" என்று பதறுகிறான்.

ஸ்டாக்ஃபிஷ் எல்லா நகர்வையும் சமமாகப் பார்ப்பதில்லை. ஒரு வேலைக்கு ஆயிரம் விண்ணப்பம் வந்தால் மேலே இருப்பதை முழுக்கப் படித்து, அடியில் கிடப்பதைப் புரட்டிவிட்டு வைக்கும் அதிகாரிபோல, வரிசையில் பின்னால் நிற்கும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்தில் பார்த்துவிட்டுத் தள்ளும். வெட்டுகளும், முன்பு பலன் தந்த நகர்வுகளும் முன்னால் நிற்கும். பிஷப் எச்3 வெட்டும் இல்லை, செக்கும் இல்லை. மூன்று மதிப்புள்ள காயைச் சும்மா கொடுக்கிறது. அது நிற்பது வரிசையின் கடைசிப் பக்கம்தான்.

50-ஆவது நகர்வுக்குப் பின் எண்ணிப் பாருங்கள். வெள்ளையிடம் ஒரு பிஷப், இரண்டு சிப்பாய். கருப்பிடம் மூன்று சிப்பாய் மட்டும். காய்களை எண்ணினால் வெள்ளை முன்னால். ஏ, டி சிப்பாய்கள் இரண்டையும் ஒற்றை பிஷப்பால் தடுக்க முடியாது என்பது இன்னும் பல நகர்வு தள்ளித்தான் தெரியும். அதுவரை தேடிப் போகும் பொறுமை வேண்டும், அல்லது போகாமலே உணரும் கண் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் 11 முதலாவதை நம்பியது. புதியது இரண்டையும் வைத்திருக்கிறது.

லீலாவின் சிக்கல் வேறு இடத்தில். அதன் வலையமைப்பு நிலையைப் பார்த்ததும் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு சதவீதம் போட்டுவிடும். அதிகம் வாங்கியவற்றின் பின்னால்தான் தேடல் போகும். பிஷப் எச்3-க்கு முதல் பார்வையில் எவ்வளவு கிடைத்தது என்று நிப்ளரில் பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால், அதன் பக்கம் தேடல் திரும்பவே நேரமாகும். பிறகு அதே நகர்வுக்கு வருகைகள் (தேடல் அதன் பக்கம் போன தடவைகள்) கூடக்கூட எண் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

கையைப் பிடித்து அழைத்துப் போதல்

எஞ்சின் கண்டுபிடிக்கவில்லை என்றால் அத்துடன் விடாதீர்கள். என்னைக் கேட்டால் உண்மையான ஆய்வே இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பிஷப் எச்3-ஐ நீங்களே ஆடிவிட்டு, வெள்ளையின் முறையாக எஞ்சினை ஓடவிடுங்கள். எண் சட்டென்று கருப்புப் பக்கம் தாவினால், சிக்கல் அந்த ஒரு நகர்வைக் கவனிக்காததுதான். தாவவில்லை என்றால் இன்னும் இரண்டு நகர்வு உள்ளே போங்கள். ராஜா ஈ4-க்கு வந்த பிறகு கேளுங்கள். எந்த இடத்தில் கருத்தை மாற்றிக்கொள்கிறதோ அந்த இடம்வரைதான் அதற்குப் பார்வை எட்டவில்லை. மூன்று எஞ்சின்களும் எந்தெந்த இடத்தில் மாறுகின்றன என்பதை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மொத்த நேரத்தை ஒப்பிடுவதைவிட இது அதிகம் சொல்லும்.

பிறகு ஹாஷைக் காலி செய்யாமல் ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கி வாருங்கள். ஸ்டாக்ஃபிஷ் முன்னே பார்த்ததை நினைவில் வைத்திருப்பதால், 47-க்குத் திரும்பும்போது விடையோடு திரும்பும். லீலாவிடம் இந்தப் பலன் அந்த அளவுக்குக் கிடைக்காது. பின்னோக்கி வரும்போது தேடல் மரத்தை அது பெரும்பாலும் புதிதாகத்தான் கட்டும்.

இன்னொரு குறுக்குவழி மல்டிபிவி. வரிகளின் எண்ணிக்கையை 5 அல்லது 10 ஆகக் கூட்டினால், ஸ்டாக்ஃபிஷ் அத்தனை நகர்வுகளுக்கும் முழு மதிப்பீடு கொடுத்தாக வேண்டும். மொத்த வேகம் குறையும், ஆனால் ஓரத்தில் கிடந்த நகர்வு சீக்கிரம் மேலே வர வாய்ப்பு உண்டு. சோதனையில் 1 என்று வைக்கச் சொன்னது இதனால்தான். ஒரு எஞ்சினில் 1, இன்னொன்றில் 5 என்று வைத்துவிட்டு வேகம் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் உங்கள் சொந்த ஆட்டத்தை அலசும்போது, தியாகம் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால், தாராளமாகக் கூட்டிப் பாருங்கள்.

வெட்டாமல் விட்டால்?

எஞ்சின் சொல்வதை அப்படியே ஏற்பதற்கு முன், வெள்ளை பிஷப்பை வெட்டாத வரிசையையும் கேட்டுவிட வேண்டும். 48-இல் ராஜா எஃப்2, கருப்பு ராஜா எஃப்5. 49-இல் ராஜா எஃப்3 என்று வழியை மறிக்கப் பார்த்தால், கருப்பு பிஷப் ஜி2-ஐ வெட்டி செக் வைக்கும். 50-இல் வெள்ளை ராஜா அதை வெட்ட, கருப்பு ராஜா ஈ4 வந்து சேரும். பிஷப் எஃப்6-ஐ வெட்டினால் டி4. இப்போது பலகையில் 7 காய்கள்தான் மிச்சம்.

7 என்பது முக்கியமான எண். அந்த எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் எந்த எஞ்சின் கருத்தும் தேவையில்லை. ராஜாக்கள் உட்பட 7 காய் வரையிலான நிலைகளுக்கு முழு விடை சிசிஜி அட்டவணைகளில் இருக்கிறது. 7 காய்த் தொகுதி 2018-இல் முடிந்தது. 5 காய் வரை சுமார் 1 ஜிபி, 6 காய்க்குச் சுமார் 150 ஜிபி. 7 காய்த் தொகுதியை வீட்டில் வைத்துக்கொள்வது நடக்கிற காரியமில்லை. ஆனால் லிச்செஸ் ஆய்வுப் பலகையில் புத்தகக் குறியை அழுத்தினால், 7 காய்க்கு வந்ததும் அது தானாகவே விடையைக் காட்டும். மேலே சொன்ன வரிசையை அங்கே ஆடிப் பாருங்கள். ஆட்டத்தின் முடிவிலிருந்தும் இதைச் செய்யலாம்: 54-இல் பிஷப் சி5, டி3, 55-இல் ராஜா ஈ3, ராஜா சி2, 56-இல் பிஷப் பி4, ஏ3, 57-இல் பிஷப் ஏ3-ஐ வெட்டும் கணத்தில் 7 காய். அடுத்து டி2, அதன் பிறகு ராணியைத் தடுக்க வழியில்லை.

எஞ்சின்களுக்கும் இந்த அட்டவணைகளை இணைக்கலாம். ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் இணையுங்கள், அல்லது எதற்கும் வேண்டாம்.

நிலையைக் கொஞ்சம் கலைத்தல்

இவ்வளவும் முடிந்ததும் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. புகழ்பெற்ற நிலை என்பதால் விடை நமக்குத் தெரியும். தெரிந்த விடையை எஞ்சின் சொன்னதும் திருப்திப்பட்டுவிடுகிறோம். ஆகவே வெள்ளை ராஜாவை ஜி1-இலிருந்து எஃப்1-க்கு மாற்றி வையுங்கள். மற்றவை அப்படியே. மறுபடி மூன்று எஞ்சின்களையும் ஓடவிடுங்கள். பிறகு ராஜாவைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஏ4 சிப்பாயை மட்டும் ஒரு கட்டம் பின்னே ஏ5-இல் வைத்துக் கேளுங்கள். ஓட்டப்பந்தயத்தில் ஒரே ஓர் அடி மாறினாலும் பிஷப் எச்3 இன்னும் சரியா, எந்த எஞ்சின் அந்த மாற்றத்தை முதலில் பிடிக்கிறது, எது பழைய பதிலையே ஒப்பிக்கிறது என்று பாருங்கள். இதற்கான விடையை நான் இங்கே எழுதவில்லை. உங்கள் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும், முதலில் உங்கள் ஊகத்தைப் பென்சிலால் எழுதிவிட்டு எஞ்சினைத் தொடங்குங்கள்.